புல்லுக்கு அடித்த மருந்து

1

கோடை விடுமுறை தொடங்கிய வெள்ளிக்கிழமை அன்று, சோறு வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். எங்கள் வீட்டு முன்புறம் பதித்திருக்கும் கற்களின் இடுக்கில் புல் முளைத்துக்கொண்டே இருக்கும். பிரான்சின் இந்தச் சிறு நகரத்தில் எல்லோரும் அதற்குப் புட்டியில் விற்பதை வாங்கித் தெளிக்கிறார்கள். நான் கஞ்சி ஊற்றுகிறேன். வேர் வெந்துபோகும். மறுபடி முளைத்தால் மறுபடி ஊற்றுவேன்.

பக்கத்து வீட்டு மதாம் இவோன் இதைப் பல ஆண்டுகளாக வேலிக்கு அப்பாலிருந்து பார்த்து வருகிறார். முதன்முறை பார்த்தபோது மரியாதையாகக் குரலைத் தாழ்த்தி, "இது உங்கள் மதத்தில் எந்தப் பண்டிகை?" என்று கேட்டார். புல்லைக் கொல்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. மறுநாள் தன் கொட்டகையிலிருந்து ஒரு புட்டியைக் கொண்டுவந்து அன்பளிப்பாக நீட்டினார். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் அதைத் தவறாக எடுத்துக்கொண்டிருக்கலாம். விளக்கிச் சொல்ல என் பிரெஞ்சு அன்று போதவில்லை. இன்று போதும், ஆனாலும் சொன்னதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கஞ்சிப் பாத்திரத்தோடு நின்றிருந்தபோது என் மகள் ரேவதி சைக்கிளில் வந்து இறங்கினாள். அவளுக்குப் பதினாறு வயது முடிந்துவிட்டது. தமிழ் பேசுவாள், ஆனால் கடன் வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டதுபோல் பேசுவாள்.

"மமா, வேலை கெடச்சிடுச்சு! மேரியில. திங்கக்கிழமையிலேருந்து."

மேரி என்பது நகராட்சி மன்றம். புதுச்சேரிக்காரர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. என் கணவரும் அங்கேதான், பூங்காப் பிரிவில், வேலை செய்கிறார்.

"என்ன வேலை?"

"கல்லறைத் தோட்டத்துல. பாதையெல்லாம் புல்லு வருது இல்ல? அதுக்கு மருந்து அடிக்கணும். முதுகுல மாட்டிக்கிற தொட்டி ஒண்ணு குடுப்பாங்களாம்."

பாத்திரம் சாய்ந்து கஞ்சி என் செருப்பின்மேல் வழிந்தது. சுட்டது பிறகுதான் தெரிந்தது. புல்லுக்கு மருந்து. அந்தச் சொல்லை அவள் எங்களிடமிருந்துதான் கற்றிருக்கிறாள். அது ஒருமுறை அவளுக்கு என்ன செய்யப் பார்த்தது என்பதை மட்டும் நாங்கள் அவளிடம் சொன்னதில்லை.

சாப்பாட்டு வேளையில் என் கணவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. அவள் எழுந்து போனபின், "நீயே சொல்லு வசந்தா. எனக்கு வாய் வராது," என்றார். திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். எங்கே தொடங்குவது என்று தேடித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஊரில் இதைப் படிப்பவர்கள் எழுபதுகளின் கடைசிக்கு என்னோடு வர வேண்டும்.

2

என் மாமனார் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அவருடைய ஓய்வூதியத்தில் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் கட்டிய வீடு. குறுகலான முகப்பு, பின்னால் நீண்டுபோகும் தோட்டம், நடுவில் கிணறு. நாங்கள் பிரான்சுக்கு வந்தபின் அந்த வீட்டில் என் கணவரின் அக்கா தனியாக இருந்தார். எனக்கு அண்ணி. கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை, பஞ்சாலையில் நூல் சுற்றும் பிரிவில் வேலை. ஆலை விட்டு வந்ததும் தலைமுடியில் ஒட்டிய பஞ்சுத் துணுக்குகளைத் தட்டிவிட்டு நேரே தோட்டத்துக்குத்தான் போவார்.

அந்தத் தோட்டத்தில் களை என்று அவர் எதையும் எளிதில் சொல்லிவிட மாட்டார். மூக்கிரட்டை சட்டிக்கு. தும்பையும் குப்பைமேனியும் சளிக்கும் சொறிக்கும். பெயர் தெரியாதவை பக்கத்து வீட்டு ஆட்டுக்கு. எதற்கும் ஆகாத கோரையை மட்டும் மழை பெய்து மண் இளகிய மறுநாள் கிழங்கோடு தோண்டி எடுத்து, வெயிலில் கல்லின்மேல் பரப்பிவிடுவார். "இதுதாண்டி வசந்தா வாடகை குடுக்காத குடித்தனம்," என்பார்.

கிணற்றைச் சுற்றி ஈரம் இருந்த இடமெல்லாம் கீழாநெல்லி. மஞ்சள் காமாலைக்கு அதை அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பது நம் ஊரில் யாருக்கும் புதிதல்ல. பக்கத்துத் தெருக்களிலிருந்தெல்லாம் அண்ணியிடம் கேட்டு வந்து பறித்துப் போவார்கள்.

அந்த ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது ரேவதிக்கு ஆறு வயது. எங்கள் பெட்டியில் என் கணவர் ஒரு புட்டி கொண்டுவந்திருந்தார். மேரியின் கிடங்கில் புல்லை ஒழிக்கும் திரவம் இரண்டு வகை உண்டு. மேஸ்திரி பெரிய கலத்திலிருந்து கொஞ்சம் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். அக்கா முதுகு வளைந்து கோரை பிடுங்கக் கூடாதே என்ற பாசம்தான் இவருக்கு. புட்டியில் பெயர்ச்சீட்டு ஒன்றும் இல்லை. சென்னையில் சுங்க அதிகாரி அதைத் தூக்கிப் பார்த்து, "இது என்ன?" என்றார்.

"மருந்து."

"யாருக்கு?"

"வீட்டுக்கு சார்."

அதிகாரி அதைப் புடவைகளுக்கு நடுவே பத்திரமாகத் திரும்ப வைத்தார்.

வந்த சில வாரங்களில் ரேவதியின் கண் மஞ்சளித்தது. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் இதற்கு மருந்து கிடையாது, எண்ணெய் இல்லாத சாப்பாடும் ஓய்வும் போதும் என்றார். மருந்து கிடையாது என்ற பேச்சை அண்ணியால் ஏற்க முடியவில்லை. தம்பிக்குப் பிடிக்காது என்பதால் அவர் அறியாமல், ஆனால் என் கண்ணெதிரே, முதல் நாள் கீழாநெல்லி கொடுத்தார். நான் தடுக்கவில்லை. எனக்கும் நம்பிக்கை இருந்தது.

அன்று மாலைதான் துவைக்கிற கல்லின்மேல் ஒரு பாம்பு ஊர்ந்து போனது. ரேவதி கிணற்றடி நிழலில் பாயில் படுத்திருந்தாள்.

"சாரைதான்டா தம்பி. எலி புடிக்க வருது," என்றார் அண்ணி.

"பாம்புன்னா பாம்புதான்கா. இந்தக் காட்ட அழிக்காம நான் தூங்க மாட்டேன்."

பொழுது சாயுமுன் அவர் புட்டியில் இருந்ததை வாளித் தண்ணீரில் கலந்து, பூவாளியால் தோட்டம் முழுவதும் தெளித்தார். புட்டியை அலம்பி எறிந்தார். அக்காவிடம் சொல்லவும் சொன்னார். "அக்கா, தோட்டத்துக்கு மருந்து அடிச்சிருக்கேன். குழந்தைய அங்க விடாத."

அவர் சொன்னது எல்லாம் உண்மை.

3

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் நானும் அவரும் வைத்திக்குப்பத்துக்கு நடந்துபோய், படகு கரையேறியதும் சங்கரா மீன் வாங்கி வந்தோம். குழந்தைக்குப் பத்தியம், மீன் எங்களுக்கு. கடல் காற்றில் அவர் உற்சாகமாக இருந்தார். பிரான்சில் தோட்டங்கள் எப்படிச் சுத்தமாக இருக்கின்றன என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது ரேவதி முகத்தைச் சுளித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கையில் காலி தம்ளர். விளிம்பில் பச்சை.

"அது என்ன?" என்றார் என் கணவர்.

ஒளிக்க முடியாது என்று தெரிந்ததும் அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "கீழாநெல்லி. நேத்தும் குடுத்தேன். இன்னா பண்ணப் போற?"

"எங்க பறிச்சது?"

"கெணத்தடியில. வேற எங்க, கடற்கரையிலயா?"

மீன் பை தரையில் விழுந்தது.

"அக்கா, நேத்துதான மருந்து அடிச்சேன்னு சொன்னேன்?"

"சொன்ன. அதான் நாலு தண்ணி ஊத்தி அலசினேன். கொசுக்கு அடிக்கிறவங்க செவுத்துல அடிச்சிட்டுப் போறது எனக்குத் தெரியாதா? ஒரு பூச்சி இல்ல. எல அம்மாஞ் சுத்தம்."

"பூச்சிக்கு இல்லக்கா. புல்லுக்கு."

அண்ணி அவரைப் புரியாமல் பார்த்தார்.

"புல்லுக்கு இன்னா நோவு?"

இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் கேள்வி என் காதில் இருக்கிறது. அதில் தவறே இல்லை. செடிக்கு மருந்து என்றால் செடி பிழைக்க. மனிதருக்கு மருந்து என்றால் மனிதர் பிழைக்க. புல்லுக்கு மருந்து என்றால் புல் பிழைக்கத்தானே வேண்டும்? என் கணவர் அந்தத் திரவத்தின் பெயரைப் பிரெஞ்சில்தான் அறிவார். அதற்குத் தமிழில் புத்தகச் சொல் இருக்கலாம். வீட்டில் புழங்கும் சொல் அவரிடம் இல்லை. இருந்த ஒரே சொல்லால் சொன்னார். அண்ணியும் அந்தச் சொல்லுக்கு இருந்த பொருளைத்தான் எடுத்துக்கொண்டார்.

"சாவறதுக்குக்கா. புல்லு சாவறதுக்கு."

அண்ணியின் கை இடுப்பிலிருந்து நழுவியது. ரேவதி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கசப்பான மருந்தைக் குடித்ததற்குச் சர்க்கரை கிடைக்கும் என்று காத்திருந்தாள்.

4

ஆஸ்பத்திரியில் இருந்தவர் முன்பு பார்த்த அதே இளம் டாக்டர். "என்ன மருந்து?" என்று கேட்டார். "புல்லு மருந்து" என்றார் என் கணவர். "பேரு?" கிடங்கில் இரண்டு வகை, இது எது என்று தெரியாது. "புட்டி?" குப்பைக்குப் போய்விட்டது. "அங்க போன் பண்ணிக் கேக்க முடியுமா?" பிரான்சுக்கு டிரங்க் கால் பதிவு செய்தால் எப்போது கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாத காலம் அது, அதோடு அன்று ஞாயிறு, மேரி பூட்டியிருக்கும்.

"ரெண்டு வகைன்னு சொல்றீங்களே, என்ன வித்தியாசம்?"

என் கணவர் உதட்டை நனைத்துக்கொண்டார். "ஒண்ணு வெயில் பட்டா அன்னிக்கே எலையக் கருக்கிடும். இன்னொண்ணு நிதானம். வாரம் பத்து நாளாகும்."

டாக்டர் என்னிடம் சொன்னார், அவரிடம் அல்ல. "ரெண்டாவதா இருந்தா, கழுவின எலை, கொஞ்சம்தான் உள்ள போயிருக்கு, பயப்பட வேண்டாம்னு நெனைக்கிறேன். மொதல் வகையா இருந்தா அது நுரையீரல்ல போய் உக்காரும். மூச்சு கொஞ்சம் கொஞ்சமா அடைக்கும். அதுக்கு எங்ககிட்ட ஒண்ணுமில்லம்மா."

கரித்தூளைத் தண்ணீரில் கரைத்து ரேவதிக்குக் கொடுத்தார்கள். பல்லெல்லாம் கறுப்பாக என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"வீடு பக்கந்தானே?" என்றார் டாக்டர். "யாராவது போய் அந்தச் செடியப் பாருங்க. பொழுது சாயற வரைக்கும் பாருங்க. கருகுதான்னு வந்து சொல்லுங்க. இப்போதைக்கு அதுதான் நம்ம பரிசோதனை."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் ரேவதியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீ போ வசந்தா. நான் பாத்தா, பச்சையா இருந்தாலும் எனக்குக் கருப்பாத்தான் தெரியும்."

சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறினேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வெயில் பட்டால் அன்றைக்கே என்றாரே என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு மேகம் இல்லை. வழிநெடுக வேலியோரப் புல், சாக்கடை ஓரப் புல், சுவர் வெடிப்பில் புல். எல்லாம் பச்சையாக இருந்தன. எதன்மேலும் யாரும் எதையும் தெளித்திருக்கவில்லை.

5

தோட்டத்துக் கதவைத் திறந்தபோது அண்ணி அம்மிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அம்மியில் பச்சை விழுது ஒட்டியிருந்தது. பக்கத்தில் சொம்பு.

முதலில் செடியைப் பார்த்தேன். பச்சை. பிறகுதான் சொம்பைப் பார்த்தேன்.

"அண்ணி, இது காலையில அரைச்சதா?"

"டாக்டர் இன்னா சொன்னாரு? அதச் சொல்லு மொதல்ல."

சொன்னேன். இரண்டு வகை, எது என்று தெரியவில்லை, செடியைப் பார்க்கச் சொன்னார் என்றேன்.

"தெரியலன்னாரு இல்ல? அதான்." சொம்பை நகர்த்தி வைத்தார். "நானும் குடிச்சிட்டேன். அதே எடத்துல பறிச்சேன். அவளுக்குக் கொட்டப்பாக்கு அளவு. எனக்கு ரெண்டு உருண்ட, கழுவாம."

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஆடு மிரண்டது.

"கத்தாதடி. யோசிச்சுப் பாரு. அவ சின்ன ஒடம்பு, வாய் தொறந்து சொல்லத் தெரியாது. எனக்கு வயித்த பொரட்டுதா, மூச்சு முட்டுதான்னு நான் சொல்லுவேன் இல்ல? அத நீ ஓடிப்போய் டாக்டர்கிட்ட சொல்லு. செடியப் பாத்து இன்னா தெரியும்? செடிக்கு நெஞ்சு இருக்கா?"

"வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம். கரித்தண்ணி குடுக்கறாங்க."

"நான் கரியக் குடிச்சிட்டா அப்புறம் எப்படித் தெரியும்?"

அவர் வரவே இல்லை. இழுத்துப் பார்த்தேன், ஆலையில் உழைத்த உடம்பு, அசையவில்லை. கடைசியில் நானும் கிணற்றடியில் உட்கார்ந்தேன். முன்னால் செடி, பக்கத்தில் அண்ணி. இரண்டையும் பார்க்க வேண்டியிருந்தது.

அண்ணியின் கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கேட்பார்.

"எப்படி இருக்கு?"

"பச்சையாத்தான் இருக்கு."

"நுனி?"

"நுனியும்தான்."

"பொய் சொல்லாத."

"சத்தியமா அண்ணி. உங்களுக்கு எப்படி இருக்கு?"

"கசப்பு ஏப்பம். அது எப்பவும் வர்றது."

ஒரு கீழாநெல்லிச் செடியை அவ்வளவு நேரம் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மெல்லிய காம்பின் இருபுறமும் சிறு இலைகள் அடுக்காக. கீழே வரிசையாகத் தொங்கும் கடுகளவு காய்கள். ஒவ்வொரு அடுக்காகப் பார்த்துக்கொண்டு போவேன். முடிந்ததும் அடுத்த செடி. பிறகு முதல் செடிக்கே வருவேன், அதற்குள் மாறியிருக்குமோ என்று. கோரையைப் பார்த்தேன். ஜென்மத்தில் முதல்முறையாகக் கோரை சாகக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். உச்சி வெயிலில் ஒரு மூக்கிரட்டை இலை துவண்டது. ஓடிப்போய்க் கிணற்று நீரை அதன்மேல் ஊற்றினேன். வெறும் வெயில் வாட்டம், நிமிர்ந்துவிட்டது. ஆனால் நீர் ஊற்றியதால் சோதனையைக் கெடுத்துவிட்டேனோ என்று அடுத்த பயம்.

வெயில் சாய்ந்தது. "எப்படி இருக்கு?" என்று அண்ணி கேட்டார். பச்சை என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன்.

கீழாநெல்லி சுருங்கிக்கொண்டிருந்தது. காலையில் விரிந்து நின்ற இலைகள் ஒன்றோடொன்று ஒட்டி, காம்போடு தொங்கின. இந்தச் செடி, அந்தச் செடி, கிணற்றைச் சுற்றி எல்லாமே. ஆஸ்பத்திரியில் கறுத்த பல்லோடு சிரித்த முகம் கண்முன் வந்தது.

"இன்னாடி? சொல்லு."

"மூடிக்கிட்டுப் போவுது அண்ணி. எல்லாம் சுருங்குது."

அண்ணி எழுந்து வந்தார். குனிந்து, கண்ணுக்குத் தெரியாததை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு காம்பு முழுவதும் விரலை ஓட்டினார். பிறகு அவர் சிரித்தது எனக்குப் பித்துப் பிடித்தவர் சிரிப்பதுபோல் கேட்டது.

"அடிப் பைத்தியம். அது தூங்குதுடி."

"தூங்குதா?"

"பொழுது சாஞ்சா எலைய மடிச்சிக்கும். தெனமும்தான். தோ, தெருவுல அந்தத் தூங்குமூஞ்சி மரத்தப் பாரு, அதுவும் மடிச்சிக்கினு நிக்குது. அதுக்கும் உன் புருஷன் மருந்து அடிச்சாரா?"

மதில்மேல் எட்டிப் பார்த்தேன். தெருமுனை மரத்தின் இலைகள் மடிந்திருந்தன. ஆனாலும் தூக்கத்துக்கும் சாவுக்கும் வேறுபாடு விடிந்தால்தானே தெரியும்? ஆஸ்பத்திரிக்குப் போய், "இதுவரை பச்சை" என்று மட்டும் சொன்னேன்.

காலையில் திரும்பி வந்தபோது அண்ணி கதவைத் திறந்தார். நின்றுகொண்டிருந்தார், மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கிணற்றடியில் ஒவ்வொரு செடியும் இலைகளை விரித்துக்கொண்டு, ஒன்றும் நடவாததுபோல் நின்றது.

அந்த வாரக் கடைசியில்தான் நுனி மஞ்சளித்தது. மெல்ல, நிதானமாக, தோட்டம் முழுவதும் செத்தது. நிதானமான வகைதான் என்றார் டாக்டர். அண்ணி செய்ததைக் கேட்டு அவர் கொதித்துப்போனார்.

"ஏம்மா, உங்களுக்கு அறிவிருக்கா?"

"இருந்திருந்தா குழந்தைக்குக் குடுத்திருப்பேனா டாக்டர்?"

அவருக்கு அதன்பிறகு கோபம் வரவில்லை. ரேவதிக்கு இப்போதைக்குப் பயமில்லை என்றார். பின்னால் எப்போதாவது எதுவும் வருமா என்று கேட்டேன். "அத யாராலயும் சொல்ல முடியாதும்மா," என்றார். நேர்மையான மனிதர். ஒரு பொய் சொல்லியிருந்தால் என் பத்தாண்டுகள் வேறு மாதிரி போயிருக்கும்.

விமானம் ஏறுமுன் அண்ணி ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். "குழந்தைக்கு இதச் சொல்லாதீங்க. அப்புறம் யாரு எதக் குடுத்தாலும் பயந்துக்கும்."

6

திரும்பி வந்ததும் நான் ரேவதியை இங்கே ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனேன். கணவர் வேலைக்குப் போயிருந்தார். முந்திய நாள் முழுக்க வாக்கியத்தை மனப்பாடம் செய்திருந்தேன். "என் மகள் புல் மருந்தைக் குடித்துவிட்டாள்" என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரெஞ்சாக்கிச் சொன்னேன். டாக்டரின் முகம் மலர்ந்தது. மூலிகைக் கஷாயம் என்று புரிந்துகொண்டார். மிகவும் நல்லது மதாம், நானும் இரவில் குடிக்கிறேன் என்றார். சீட்டிலும் அப்படியே எழுதினார்.

ஒரே சொல், இரண்டாவது முறையும். அங்கே அது நஞ்சை மருந்தாக்கிக் காட்டியது; இங்கே என் பயத்தைத் தேநீராக்கிவிட்டது. பின்னர் கணவரை அழைத்துப்போய்ச் சரிப்படுத்தினேன். ஆனால் காப்பீட்டு அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், பொருளின் பெயர் என்ன என்றாள். தெரியாது என்றோம். பெயரில்லாத பொருளுக்கு எந்தப் பரிசோதனை என்று எழுதுவது என்று அவள் எங்களையே கேட்டாள். கேலியில்லை, உண்மையாகவே அவளுக்கும் தெரியவில்லை. என் கணவர் மேஸ்திரியிடமும் கேட்டார், எந்தக் கலத்திலிருந்து ஊற்றினீர்கள் என்று. அவர் தோளைக் குலுக்கி, "இதுவோ அதுவோ, இரண்டும் புல்லைத்தானே கொல்கிறது?" என்றாராம். ஒருவேளை புட்டியின் அடியில் கொஞ்சம் அந்த முதல் வகையும் இருந்திருந்தால் என்ற எண்ணம் அன்று என்னுள் புகுந்தது. போகவில்லை.

என் கணவர் நாற்றங்கால் பக்கம் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். தெளிப்பானைத் தொடுவதில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டுத்தான் மகளைத் தொடுவார். அதைச் சுத்தம் என்று அவள் நினைத்து வளர்ந்தாள். அவளுக்குச் சளி பிடிக்கும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் நான் அவள் அறைக்கு வெளியே நின்று மூச்சின் ஒலியைக் கேட்டிருக்கிறேன். பன்னிரண்டு வயதானதும் கதவைச் சாத்திக்கொள்ளத் தொடங்கினாள். தனிமை வேண்டும் என்றாள், பிரெஞ்சில். சாத்திய கதவுக்கு வெளியிலும் நின்றேன்.

7

ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட தட்டுகள் மேசையில் இருக்க, அவளிடம் சொன்னேன். தமிழில்தான் தொடங்கினேன், அவளுக்குப் புரியாத இடங்களில் பிரெஞ்சுக்குப் போனேன். என் கணவர் சன்னலோரம் முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

அவள் அழவில்லை. கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. "அத்தை குடிச்சாங்களா? கழுவாம?" என்றாள்.

"ஆமாம்."

"எனக்கு நீ எவ்ளோ டெஸ்ட் எடுத்த? வருஷா வருஷம் ரத்தம். ஏன்னு கேட்டா சொல்ல மாட்ட." விரலால் மேசையைக் கீறினாள். "அவங்களுக்கு யார் எடுத்தாங்க?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை.

"போன் பண்ணலாம். இப்பவே."

அண்ணி வீட்டில் தொலைபேசி கிடையாது. தெருமுனை மளிகைக் கடை எண்தான். கடைக்காரர் ஆள் அனுப்புகிறேன், கொஞ்சம் பொறுத்துக் கூப்பிடுங்கள் என்றார். மறுபடி சுழற்றியபோது மூச்சு வாங்கும் குரல் எடுத்தது, கூடத்துக்கே கேட்கும் உரத்த குரல்.

"அத்தை, நான் ரேவதி."

"யாரு, ரேவதியா? இன்னாடி, ஆம்பளப் பையன் கொரலு மாதிரி இருக்கு! எப்படி இருக்க? சாப்பிட்டியா?"

"அத்தை, மூச்சு நல்லா விடறீங்களா?"

"இன்னாது?"

"மூச்சு. உள்ள, வெளிய."

மறுமுனையில் அண்ணி வாய்விட்டுச் சிரித்தார். "கேட்டீங்களா அண்ணாச்சி, மூச்சு விடறனான்னு ஃபிரான்சுலேருந்து கேக்குது! விடாமயாடி தெருக்கோடி வரைக்கும் ஓடி வந்து உங்கிட்ட பேசறேன்?" சிரிப்பு நீண்டது. நீண்டுகொண்டே போய் இருமலாக மாறியது. நிற்கவில்லை. தண்ணீர் கொண்டுவரச் சொல்லும் கடைக்காரரின் குரல் கேட்டது. ரேவதி ரிசீவரைத் தன் காதிலிருந்து எடுத்து என் காதருகே நீட்டினாள். அவளும் குனிந்து கேட்டாள். எங்கள் இருவரின் கன்னங்களும் உரசின.

"ஒண்ணுமில்லடி," என்றார் அண்ணி, குரல் திரும்பியபோது. "பொகை. அடுப்புப் பொகை."

போனை வைத்தபின் ரேவதி கேட்டாள். "எப்பவும் இப்படித்தான் இருமுவாங்களா?"

"பஞ்சாலையில இத்தனை வருஷம் இருந்தாங்க. அந்தத் தூசி. அப்புறம் விறகடுப்பு," என்றேன். அது உண்மையாக இருக்கலாம். என் கணவர் அப்போதுதான் திரும்பினார். இந்தக் குளிர்காலத்துக்கு முன் ஊருக்குப் போய் அக்காவை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றார்.

திங்கட்கிழமை காலை அவரும் ரேவதியும் சேர்ந்தே மேரிக்குப் போனார்கள். தொட்டியை மாட்டிக்கொள்ள மாட்டேன் என்று அவள் மேஸ்திரியிடம் சொன்னாளாம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு களைக்கொத்தைக் கொடுத்து, பின்பக்கப் பாதையைக் காட்டினாராம். அவளுக்கென்று வைத்திருந்த தொட்டியை, அவள் வகுப்பில் படிக்கும் கேத்ரினின் முதுகில் மாட்டினார்களாம். கேத்ரின் கையுறைகூடப் போடாமல், பாடிக்கொண்டே கல்லறைகளுக்கு நடுவில் தெளித்துக்கொண்டு போனாள் என்று ரேவதி சொன்னாள்.

மாலையில் அவள் குளித்தாள். சாப்பிட வரவில்லை. கூடத்தில் தரையில் உட்கார்ந்து, கொப்புளம் போட்ட கையால் தடித்த தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி, கேத்ரின் வீட்டு எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள்.